பாட்டு நின்றால் பிரேக்

என் செல்லப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கீழ் வீட்டில் உன் மாமா சுகம், அவனுடைய மைக் செட்டு எங்கள் எல்லோரையும்விடச் சுகமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்பதை, "நல்லா இருக்கேன்ப்பா" என்ற அந்த ஒற்றை வரியைத் தவிர்த்து வேறு ஏதாவது வரியில் தெரியப்படுத்தினால் சந்தோஷப்படுவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிற அப்பன் திடீரென்று எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தான் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், ஒன்பதாவது கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். கடிதமென்றால் இரண்டு பேரும் குறுக்கே பேச முடியாது பார், அதுதான் வசதி. விஷயம் என்னவென்றால் ஆறு வாரமாக உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இதை எழுதும்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அதனால் நீயும் பதறாமல் படி, பாதியில் போனைத் தூக்காதே.

எங்கள் வேலையில் வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் உடம்பைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அது இல்லாமல் எல் போர்டு வண்டியில் படிக்கிறவர் பக்கத்தில் நான் உட்காரக் கூடாது. இருபத்தாறு வருஷமாக, கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்குகிற மாதிரி போய் வாங்கிக்கொண்டு வந்தவன் நான், அந்தத் திமிரில் இந்த வருஷமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். பிரஷர் பார்த்தாள், இன்னொரு கையில் பார்த்தாள், மெஷினை மாற்றிப் பார்த்தாள். மேலே நூற்று எழுபது, கீழே நூற்று நாலு. மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்மா என்று நான் சொன்னேன். மெஷினைப் போன மாசம்தான் செக் பண்ணினோம் சார், உங்களை எப்போ பண்ணினாங்க என்று கேட்டாள். ஒரு மாத்திரை எழுதினாள், உப்பைக் குறைக்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், காலை மாலை பத்து நிமிஷம் மெதுவான மூச்சு, கால் விரலிலிருந்து தலை வரை ஒவ்வோர் இடமாக இறுக்கித் தளர்த்துவது, அரை மணி நேரம் மனசுக்கு இதமான இசை, என்று எழுதினாள். ஆறு வாரம் கழித்துப் பார்ப்பாளாம், இறங்கியிருந்தால் கையெழுத்து, இறங்காவிட்டால் இல்லை. நம்ம டிரைவிங் ஸ்கூல் முதலாளித் தம்பியிடம் போய்ச் சொன்னேன். தங்கமான பையன்தான், ஆனால் அவனும் என்ன செய்வான், ஆறு வாரம் வரைக்கும் பழைய சான்றிதழ் ஓடும் அண்ணே, அதுக்குள்ள வரலைன்னா நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து சாலை விதி போர்டைக் காட்டிப் பாடம் எடுங்க, வெயிலும் இல்லை மழையும் இல்லை, ஃபேன் காத்து வேற என்றான். நல்லதாக நினைத்துத்தான் சொன்னான். ஆயுசு முழுக்க ஓடுகிற ஸீட்டில் உட்கார்ந்தவனை நகராத நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும், சொல். பெரிய படிப்புப் படித்தவனில்லை நான், எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பயந்து நடுங்குகிறவரைப் பயமில்லாமல் வண்டி ஓட்ட வைப்பது. அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் நான் என்று ஒருவன் இருக்கிறானா என்பதே சந்தேகம்.

உன்னிடம் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து இறங்குவாய் என்று சொல்லவில்லை. அம்மாவையும் சத்தியம் வாங்கி அடக்கிவைத்தேன். அன்றைக்கே பயிற்சியை ஆரம்பித்தோம். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன், அம்மா டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை ஹால் டீச்சர் மாதிரி நின்றாள். நாலு எண்ணி மூச்சை இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். எனக்கு எதைச் செய்தாலும் வண்டி ஞாபகம்தானே, இழுக்கும்போது ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று மனதுக்குள் போட்டு, விடும்போது பட்டென்று நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என்னங்க, மூச்சு விடுறதுக்குமா கியர் போடுறது, இப்படி உறுமினீங்கன்னா பக்கத்து வீட்டுக்காரங்க ஹாரன் அடிப்பாங்க என்றாள். அடுத்தது இறுக்கித் தளர்த்துவது. இடது கால் தளர்ந்தது, தொடை தளர்ந்தது, வயிறு, அது எப்போதுமே தளர்ந்துதான் இருக்கிறது, தோள், கழுத்து, எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. வலது கால் மட்டும் அசையவில்லை. விரைத்து நின்று, பாதம் முன்னால் மடங்கி, காற்றில் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, மத்ததெல்லாம் லீவுல போயிடுச்சு, இது மட்டும் டியூட்டியில இருக்கு என்றாள். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. பயிற்சி வண்டியில் என் பக்கத்தில் இருக்கிற அந்த இரண்டாவது பிரேக்குக்கு மேல் இருபத்தாறு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த கால் அது. டிவி பார்க்கும்போதும் மிதிக்கிறதாம். சோபாவுக்கு முன்னால் கிடக்கிற விரிப்பில் வலது பக்கம் மட்டும் ஓட்டை விழுந்திருப்பது எலி வேலை என்றுதானே இத்தனை நாள் நினைத்தோம். முடி வெட்டுகிற கடைக்காரர் அடுத்த நாள் சொன்னார், கத்தியைக் கிட்ட கொண்டுவந்தா நீங்க கால் பலகையை உதைக்கிறீங்க சார், நாலு வருஷமா சொல்லணும்னு நினைச்சேன் என்று. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அந்தக் காலுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் தெரியவில்லை.

இசைக்கு உன் மாமாவை விட்டால் யார். மச்சான், இது என் டிபார்ட்மென்ட், நீங்க கவலைப்படாதீங்க என்று பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தான். ஒரு மனுஷனுக்குப் பிரஷர் இறக்க ஆயிரம் பேர் கூடுகிற மைதானத்துக்கு வைக்கிற ஸ்பீக்கர். முதல் நாள் மெதுவான பாட்டு என்று அவன் போட்டதெல்லாம் அழுகைப் பாட்டு. இரண்டாவது பாட்டில் அம்மா கண்ணைத் துடைத்தாள், மூன்றாவதில் நான், நாலாவதில் அவனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே போய்விட்டான். மறுநாள் மனசு லேசாகட்டும் என்று மேளதாளமாகப் போட்டான், என் கால் நிமிஷத்துக்கு நூறு பிரேக் போட்டது. மூன்றாம் நாள் புல்லாங்குழல். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாசிக்கிற மனுஷன் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டே போகிறார், அவர் எங்கே மூச்சு விடப்போகிறாரோ என்று நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், அவர் விட்டபாடில்லை, எனக்குக் கண் இருட்டிவிட்டது. மச்சான், உங்களுக்கு இசை கேட்கத் தெரியலை, பக்கத்துல உட்கார்ந்து அதுக்கும் பாடம் எடுக்கறீங்க என்று தலையில் அடித்துக்கொண்டு, கடைசியாக என் போனில் ஒரு பதிவைப் போட்டுக் கொடுத்தான். ஒரு ஆண் குரல், தேன் குப்பியைக் கவிழ்த்த மாதிரி அவ்வளவு நிதானம். பின்னால் ஏதோ மெல்லிய இசை. உங்கள் தோள்களைத் தளர விடுங்கள், உங்கள் கைகளைத் தளர விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வரும். பரவாயில்லை என்று பட்டது. தினம் காலையில் கேட்பேன், வேலைக்கு நேரமானால் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்புவேன். அந்தப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேள்.

நாலு தெரு தள்ளி கேக் கடை வைத்திருக்கும் அம்மாவை உனக்கு நினைவிருக்கும், உன் கல்லூரி முடிந்த நாளுக்கு மூன்று அடுக்கில் செய்து கொடுத்தவர். கடை பெரிதாகிவிட்டது, கேக்குகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சின்ன வண்டி வாங்கிவிட்டார், ஓட்டத்தான் தெரியவில்லை. மூன்று தடவை டெஸ்டில் தோற்றுவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தார். சர்க்கரைப் பாகில் முடி மாதிரிக் கம்பி இழுக்கிற கை அது, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். அவர் நடுங்க நடுங்க என் கால் மிதிக்கும், என் கால் மிதிக்க மிதிக்க அவர் இன்னும் நடுங்குவார். நான் கத்தவும் செய்வேன், மறைக்க என்ன இருக்கிறது. மூன்றாவது வாரம் ஒரு காலை வேளையில், சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எஞ்சினைப் போட்டுப் பின் கியரில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறார், அன்றைக்கு அதிசயமாக ஒழுங்காகப் போகிறது. அந்த நேரம் பார்த்து என் பையிலிருந்த போன் தானாகவே வண்டி ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டு, காலையில் நான் நிறுத்தின இடத்திலிருந்து தொடங்கிவிட்டது. உங்கள் தோள்களைத் தளர விடுங்கள் என்றது தேன் குரல். கேக்கம்மா தோளை இறக்கினார். உங்கள் கைகளைத் தளர விடுங்கள். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்தார். உங்கள் பாதங்களைத் தளர விடுங்கள். கிளட்சிலிருந்து காலை எடுத்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாயா. சொன்னால் வெட்கக்கேடு. பதினெட்டு நாளாகத் தலைகீழாக நின்றும் தளராத என் வலது கால், அன்றைக்குப் பார்த்து, அந்த வினாடி பார்த்து, சொன்ன பேச்சைக் கேட்டுத் தளர்ந்துவிட்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் போய், சலவைக் கடைக்காரர் துணி காயப்போட்டிருந்த கம்பி ஸ்டாண்டில் மோதி நின்றது. ஸ்டாண்ட் சாய, ஈரம் காயாத வெள்ளைப் படுக்கை விரிப்புகள் ஏழெட்டு வண்டி மேல் வந்து விழுந்து முன்னும் பின்னும் மூடிவிட்டன. எஞ்சின் அணைந்துவிட்டது. குரல் மட்டும் அணையவில்லை. இப்போது நீங்கள் ஆழ்ந்த அமைதியில் இருக்கிறீர்கள் என்றது.

எனக்குக் கொதித்த கொதிப்பில் டாக்டரம்மா மெஷின் வெடித்திருக்கும். ஏம்மா கையை விட்டீங்க என்று கத்தினேன். அவர் அழாக்குறையாகச் சொன்னார், வண்டிக்குள்ள ஒரு குரல் சொன்னா ஏன் எதுக்குன்னு யோசிக்காம உடனே செய்யணும்னு நீங்கதானே சார் முதல் நாளே சொன்னீங்க என்று. சொன்னேன்தான். இருபத்தாறு வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். நாலு பக்கமும் வெள்ளைத் துணி, வெளியே ஒன்றும் தெரியவில்லை, மேகத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்போது கேக்கம்மா முகத்தை மூடிக்கொண்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் ம்ம் ம்ம் என்று ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து பார்த்தேன். தப்பா நினைக்காதீங்க சார், அடுப்புல கேக் அமுங்கிப் போச்சுன்னா இப்படித்தான் பண்ணுவேன், கை நடுக்கம் நிக்கும் என்றார். அவர் கையைப் பார்த்தேன், நின்றுதான் இருந்தது. என் காலைப் பார்த்தேன். தரையில் சும்மா, தூங்குகிற நாய்க்குட்டி மாதிரிக் கிடந்தது. பாப்பா, நான் மாமா கொண்டுவந்த இசையையெல்லாம் காதால் கேட்டேன், கேட்டுக்கொண்டே அடுத்து என்ன ஆகுமோ என்று காத்திருந்தேன். இது யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தனக்காகப் பாடிக்கொள்கிறது, இதில் நான் திருத்த வேண்டியது ஒன்றுமே இல்லை. நானும் அடித்தொண்டையில் ம்ம் என்று சேர்ந்துகொண்டேன். என் குரல் உனக்குத் தெரியும், காக்கை கேட்டால் பெண் கொடுக்கும். அந்த நேரத்தில் சலவைக் கடைக்காரர் ஒரு விரிப்பை விலக்கிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அவர் என்ன கண்டிருப்பார் என்று நினைத்துப் பார், எல் போர்டு வண்டிக்குள் வயதான இரண்டு பேர் போர்த்திக்கொண்டு கச்சேரி செய்கிறார்கள். ஏன் சார், வண்டியைத் தாலாட்டித் தூங்க வைக்கிறீங்களா, துணி என்னோடதாச்சே என்றார். விரிப்புகளை நானும் கேக்கம்மாவும் மறுபடி துவைத்துக் கொடுத்தோம் என்பது தனிக் கதை.

அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே ஓட்டுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன், அதுவும் சொல்லிவிடுகிறேன். நாலு நாளில் ஒன்றைக் கண்டுபிடித்தேன், இதை நான் கண்டுபிடித்தேன் என்று நீ அங்கே நாலு பேரிடம் சொல்லலாம். அவர் தப்புச் செய்வதற்குச் சரியாக இரண்டு வினாடிக்கு முன்னால் முணுமுணுப்பு நின்றுவிடும். எதிரே லாரி வருவதைப் பார்த்து மிரண்டால் மெட்டு அறுந்துவிடும், அதற்குப் பிறகுதான் கை இழுக்கும். ஆக, பாட்டு ஓடுகிற வரை என் கால் பிரேக் மேல் தொங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை, கீழே வைத்துக்கொள்ளலாம். பாட்டு நின்றால் மட்டும் தூக்கினால் போதும். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தூக்கிப் பிடித்திருந்த காலை ஒரு நாளைக்கு எட்டு தடவை தூக்கினேன் என்றால் பார்த்துக்கொள். கத்துவதும் குறைந்துவிட்டது, பாடுகிறவரைப் பார்த்து எப்படிக் கத்துவது. மற்றவர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் கற்றுக்கொள்கிறார், அவருக்கு முணுமுணுக்க வராது, முழுத் தொண்டையில்தான் வரும், நாங்கள் போகிற தெருவில் ஜன்னலெல்லாம் திறந்துகொண்டன. ஒரு கணக்கு வாத்தியார், பாடமாட்டேன் சார், மரியாதை என்னாவது என்று முறைத்துவிட்டு, ஏழாம் வாய்பாட்டை ராகமாகச் சொல்லிக்கொண்டு ஓட்டினார், எனக்கு அதுவும் போதும், ஏழெட்டு ஐம்பத்தாறில் அவர் எப்போதும் தடுமாறுவார், அங்கே மட்டும் கவனமாக இருப்பேன். முதலாளித் தம்பிதான் ஒரு நாள் கூப்பிட்டு, அண்ணே, நாம வச்சிருக்கிறது டிரைவிங் ஸ்கூலா பாட்டு ஸ்கூலான்னு போன் பண்ணிக் கேக்கறாங்க, நான் என்ன சொல்ல என்றான். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபீஸ்னு சொல்லு தம்பி என்றேன். சிரித்தான், ஆனால் சான்றிதழ் என்னாச்சு அண்ணே என்று கேட்க மறக்கவில்லை.

கேக்கம்மாவுக்கு டெஸ்ட், என் ஆறு வாரம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார், நான் வேலிக்கு வெளியே நின்றேன். வண்டிக் கண்ணாடி ஏற்றியிருந்தது, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ பாட்டு ஓடுகிறதா நின்றதா என்று தெரியாமல் கால் நிலத்தை மிதிக்கத் தொடங்கிவிட்டது, பக்கத்தில் நின்றவர் சார் என் செருப்பு என்றார். ரிவர்ஸ் எடுத்து இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தார் கேக்கம்மா. சார், பாஸ் என்றார். அதிகாரி, என்னம்மா சத்தம் என்று கேட்டாராம். பாட்டு நின்னா இடிச்சிடுவேன் சார் என்று இவர் உள்ளதைச் சொல்ல, அவர் புத்தகத்தைப் புரட்டாத குறையாக யோசித்துவிட்டு, பாடக் கூடாதுன்னு சட்டத்துல இல்லை, ஆனா நீங்க நிறுத்தாதீங்க என்று ஸீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். எனக்கு வந்த சந்தோஷத்தில் என் பிரஷர் கதையை மறந்தே போனேன்.

இரண்டு நாள் கழித்து அது ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து நின்றது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். மாத்திரை ஒரு நாளும் விடவில்லை, உப்பைக் குறைத்தாயிற்று, நடந்தாயிற்று, போதாததற்கு மெஷினைக் கையில் சுற்றியதும் முணுமுணுத்துக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். ம்ம் என்று ஆரம்பித்ததும் டாக்டரம்மா, சார், பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது, பாடவும் கூடாது என்றாள். போச்சு. பட்டை இறுக இறுகக் கால் இறுகியது. நூற்று அறுபது. அவளுக்கே முகம் சுருங்கிவிட்டது, நல்ல பெண். பதட்டமா இருக்கீங்க சார், வெளியில பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு வாங்க, இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். நாலு எண்ணி இழுக்கப் பார்த்தேன், நாலுக்குப் பிறகு என்ன வரும் என்பதே மறந்துவிட்டது. பாட வாய் வரவில்லை. அந்த ஃபேன் காற்றும் சாலை விதி போர்டும் நாற்காலியும் கண் முன்னால் நின்றன. உன் அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், தேற்றுகிறேன் என்று ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவளோ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். முப்பத்தொரு வருஷத்தில் என் எதிரில் அவள் பாடினதில்லை, உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் நீ வாயை மட்டும் அசை என்று சொன்னதிலிருந்து யார் எதிரிலும் பாடமாட்டாள். ஆனால் அந்த மெட்டு எனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது மூடின கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கும், நான் கதவைத் திறந்தால் நின்றுவிடும். அதனால் பல நாள் நான் வெளியிலேயே நின்று கேட்டிருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை. இருமல்காரர்களும் பிள்ளைகளும் மருந்துச் சீட்டுமாக முப்பது பேர் இருந்த இடத்தில் அவள் அதைப் பாடினாள், காது மடலெல்லாம் சிவந்துபோய், ஆனாலும் நிறுத்தாமல். நர்ஸ் கூப்பிட்டபோது நான் எழுந்தேன், எழுந்ததற்குப் பிறகுதான் தெரிந்தது கால் எவ்வளவு நேரமாகவோ சும்மா இருந்திருக்கிறது என்று. உள்ளே ஒரு வார்த்தை பேசவில்லை. நூற்று முப்பத்தாறு, கீழே எண்பத்து நாலு. டாக்டரம்மா நம்பாமல் ஐந்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பார்த்தாள், நூற்று முப்பத்து நாலு. எல்லாம் பாட்டு செஞ்ச வேலைம்மா என்றேன். என் மாத்திரையையும் கொஞ்சம் மதிங்க சார், அதை நிறுத்தினீங்கன்னா பாட்டுக் கச்சேரியே வச்சாலும் இறங்காது என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்துகிற சத்தம் இருக்கிறதே பாப்பா, மாமா ஸ்பீக்கரில் அப்படி ஒரு இசை இதுவரை கேட்டதில்லை.

சரி, என் கதை முடிந்தது, இனி உன் கதை. நாள் முழுக்க போனில் அடுத்தவர் புகாரைக் காதில் வாங்குகிற வேலை உனக்கு. தூங்கி எழுந்தால் தாடை வலிக்கிறது என்றும், பல்லைக் கடிக்கிறாய் என்று பல் டாக்டர் சொன்னார் என்றும் அம்மாவிடம் சொன்னாயாமே, என்னிடம் கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்கிறாய். மறைக்கிற புத்தி யாருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஆராயப் போவதில்லை, ஆராய்ந்தால் என் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். எனக்குக் கால், உனக்குத் தாடை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் படிக்காதவன், ஆனாலும் ஒன்று சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு பாட முடியாது, வேண்டுமானால் இப்போதே செய்து பார். ஒரு புகாருக்கும் அடுத்த புகாருக்கும் நடுவில் இரண்டு வரி பாடு, மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடு, கியர் போடாதே. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்தால் அவர்களுக்கும் தாடை தளரும். பல் டாக்டர் கொடுத்த பல் உறையைத் தூங்கும்போது போட்டுக்கொள், பாட்டு அதற்கு மாற்று இல்லை, இதை நான் கையெழுத்து வாங்கின கையோடு சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், நான் குறுக்கே பேசமாட்டேன், அம்மாவிடம் போனையும் கொடுக்கமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவை, நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் உன்னைச் சுற்றி எப்போதும் இருக்க எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதம். அம்மா பின்னால் நின்று இவ்வளவு நேரம் படித்துவிட்டு, மெதுவாகப் பாடினாள் என்று ஏன் எழுதினீங்க, பெஞ்ச் முழுக்கக் கேக்கற மாதிரித்தான் பாடினேன், அடிச்சுட்டு ஒழுங்கா எழுதுங்க என்கிறாள். அடிக்கவில்லை, சேர்த்து எழுதிவிட்டேன், இரண்டையும் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
இன்னும் ஒரு வருஷத்துக்கு அடுத்தவர் பக்கத்தில் உட்காரத் தகுதியானவன் என்று டாக்டர் கையொப்பமிட்டவன்.